நம்ம ஆளு ஏறியாச்சா?

எண்பதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது. ஊரே போய்ப் பார்த்தது. நானும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அதற்குப் புரோகிராம் எழுத மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்தவன் என் அக்கா மகன். கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் நடுவே ஒரு பெட்டி இருந்தது. மலைமேல் இருந்த கிளைகளிலும் அதே மாதிரிப் பெட்டிகள். காலையில் கம்ப்யூட்டர் தானாகவே ஒவ்வொரு கிளையையும் கூப்பிட்டு, அன்றைய விலையைக் கேட்டு வாங்கித் திரையில் காட்ட வேண்டும்.

காட்டியது. ஆனால் சில நாட்களில் ஒரு கிளையின் விலையை இன்னொரு கிளையின் பெயருக்கு நேரே காட்டியது.

"தெனமும் இல்ல மாமா. மழை நாள்ல மட்டும்தான். லைன் கெடைக்க லேட்டானா இப்படி ஆகுது" என்றான். அன்றுதான் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தான். தூங்காத முகம், ஆனால் சந்தோஷமாக இருந்தான்.

"என்ன மாப்ளே காரணம்?"

"கால் போடுறதுக்குன்னு புரோகிராம்ல ஒரு தனித் துண்டு, ஃபங்ஷன்னு சொல்லுவோம், எழுதிருக்கேன். இது எந்தக் கிளைக்குப் போட்ட காலுன்னு அதுக்குள்ளயே ஒரு வேரியபிள்ல, பேரு எழுதி வைக்கிற ஒரு எடத்துல, குறிச்சு வச்சேன். கால் போட்டதும் ஃபங்ஷன் முடிஞ்சிருது. பதிலுக்குக் காத்திருக்காது, அடுத்த சோலிக்குப் போயிரும். ஃபங்ஷன் முடிஞ்சா அந்த வேரியபிளுக்கும் ஆயுசு முடிஞ்சிருச்சு. அந்த எடத்துல அடுத்த காலோட பேரு வந்து ஒக்காந்துக்கிடுது. அப்புறம் மொதக் காலுக்குப் பதில் வருது. இது யாருதுன்னு அந்த எடத்தத்தான் போயிப் பாக்குது."

"அங்க வேற பேரு இருக்கும்."

"ஆமா. அதை அப்படியே எடுத்துக்கிடும்."

"தப்புன்னு சொல்லாதா?"

"சொல்லாது மாமா. தப்புன்னு அதுக்கே தெரியாதே. கேட்ட கேள்வி சரி, வந்த பதில் சரி. யாருக்குங்கிறதுதான் மாறிப்போச்சு."

கையில் இருந்த டீயைக் கீழே வைத்தேன். வெளியே அப்போதும் மழைதான். அவன் என் முகத்தைப் பார்த்து, "என்ன மாமா, டீயை வச்சிட்டீங்க?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவனிடம் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் மதுரை நாளிதழ் ஒன்றுக்குப் போடி நிருபராக இருந்தேன். என்னிடம் டெலிபோன் இல்லை. கடைத்தெருவில் இருந்த ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையின் டெலிபோன்தான் எனக்கும் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கும் உதவியது. அப்போது வெளியூருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால். எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, இன்ன ஊர், இன்ன நம்பர் என்று பதிய வேண்டும். பதிந்துவிட்டு ரிசீவரை வைத்துவிடலாம். லைன் கிடைத்ததும் அவர்கள் நம்மைக் கூப்பிடுவார்கள். அரை மணியிலும் கூப்பிடுவார்கள், பொழுது சாய்ந்த பிறகும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அந்த நிமிஷமே பேச வேண்டும். "ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றால் லைன் இன்னொருவருக்குப் போய்விடும்.

அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மணி அடிக்கும்போது யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரே பதிந்தவர் போலப் பேசிவிடுவார். பெரும்பாலும் அது கடைக் கணக்கப்பிள்ளையாக இருக்கும். எனக்கு இளையவர், வாய் ஓயாதவர். தெருவில் எல்லோருடைய கால்களையும் அவரே பேசியிருக்கிறார். ஒருவரின் பெண் பிள்ளைக்கு வரன் பேசி முடித்ததும் அவர்தான் என்பார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. போனில் பெயர் சொல்லக் கூடாது. அந்த நாளில் லைன்கள் ஒன்றோடொன்று கலக்கும். நாம் பேசுவது நடுவில் யார் காதிலாவது விழும். எந்தத் தோட்டக்காரர் பெயர் வாயில் வந்தாலும் மறுநாள் அவர் வாசலில் இன்னொரு வியாபாரி நிற்பார். ஆகவே ஏலக்காய்க்காரர்கள் யாரைப் பற்றிப் பேசினாலும் "நம்ம ஆளு" என்றார்கள். நம்ம ஆளு வந்தாச்சு, நம்ம ஆளு குடுத்தாச்சு. யார் கேட்கிறார் என்று தெரிந்தால் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும். வியாபாரம் செய்யாதவர்களும் அந்தக் கடைப் போனில் அப்படியே பேசப் பழகியிருந்தோம்.

என் மனைவி பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியை. போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை. எங்கள் தெருவில் நின்று பார்த்தால் அந்த மலையின் விளிம்பு தெரியும். ஆனால் அது கேரளம். என் குரல் மதுரைக்குப் போய், எர்ணாகுளம் பக்கம் இறங்கி, அங்கிருந்து வேறு வழியாக மலையேறித்தான் பூப்பாறையை அடைகிறது என்று எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண் ஒருமுறை சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும், தொழிலாளர்களை ஏற்றிவரும் ஜீப்பில் என் மனைவி இறங்கி வருவாள். நான் சனிக்கிழமைதோறும் தோட்டத்து மருந்துக்கடை நம்பருக்கு ஒரு கால் பதிவேன். அங்கே இருந்த கம்பவுண்டர் மலையாளி, நல்ல மனிதர்; தமிழ் புரியும், பேச மலையாளம்தான் வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நம்ம ஆளு ஏறியாச்சா?"

அந்தக் கேள்வியைப் பல வாரங்களில் எனக்காகக் கணக்கப்பிள்ளைதான் கேட்டார். "அண்ணே, டீச்சரம்மா ஏறியாச்சாம். மூணு நிமிசத்துக்குக் காசு கட்டுறீக, மூணே வார்த்தைல முடிச்சுக்கிறீக. மிச்ச நேரத்துல நான் மத்தவக கதையாச்சும் கேட்டு வச்சுக்கிறவா?" என்பார்.

அந்தச் சனிக்கிழமை ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் கடைக்குப் போனபோது பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துக்காரி. அவள் கணவர் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தார். பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். மழையில் வருகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள். பூப்பாறையில் ஜீப் நிற்கும் இடத்தில் நம்மூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அங்கே இருந்த போனுக்குக் கணக்கப்பிள்ளை அவளுக்காக ஒரு கால் பதிந்திருந்தார். சாதாரணக் கால். பதிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"மழைக்குப் பயந்து அங்கயே படுத்துக்கிட்டாத் தேவலண்ணே" என்று என்னிடம் சொன்னாள். "ஆனா அந்த மனுசன் அடங்காது. ஜீப்புல ஏறுனா முன்சீட்டுதான் வேணும்னு சண்டை போடும். பின்னாடி ஒக்காந்தா வாந்தி வந்துருமாம். மலையில சோலி பாக்குற ஆம்பளைக்கு வாந்தி!" சிரித்தாள். கணக்கப்பிள்ளை அப்போது பின்கட்டில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்.

நான் என் காலைப் பதிய ரிசீவரை எடுக்கப் போனபோது, முந்தலிலிருந்து வந்த லாரி ஒன்று கடைவாசலில் நின்றது. டிரைவர் இறங்காமலே கத்தினார்.

"மெட்டுக்குக் கீழ ஒரு ஜீப்பு போயிருச்சு! ஆளு ஏத்துன ஜீப்பு!"

"எந்த ஜீப்பு?" என்று அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"பூப்பாறைல இருந்து வந்ததாம். ரோட்டு ஓரமே சரிஞ்சு ஜீப்போட போயிருச்சாம்."

அதற்குப் பிறகு சிறிது நேரம் என் கைகள் செய்ததை நான் வெளியிலிருந்து பார்த்ததாகவே நினைவிருக்கிறது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். மதுரைக்குப் பத்திரிகைக் கால் ஒன்று பதிந்தேன். பூப்பாறை மருந்துக்கடைக்கு ஒன்று, அதை அர்ஜென்ட் என்று பதிந்தேன். அர்ஜென்ட் என்றால் கட்டணம் இரண்டு பங்கு, வரிசையில் முன்னால் போகும். பின்கட்டிலிருந்து ஓடி வந்த கணக்கப்பிள்ளையிடம், "பூப்பாறைக்கு நானும் போட்டிருக்கேன். வந்தா கேட்டு வையி தம்பி" என்றேன். அர்ஜென்ட் என்பதைச் சொல்லவில்லை. அப்போது அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

"நீங்க எங்கண்ணே போறீக?"

"முந்தலுக்கு."

போகாமல் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் நிருபர் வேலை என்பது அப்படித்தான், விபத்து என்றதும் கால் போய்விடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்து மணிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் தைரியம் எனக்கு இல்லை என்பதும் உண்டு.

முந்தல்தான் மலையின் அடிவாரம். செக்போஸ்டில் கம்பைக் குறுக்கே போட்டு, யாரையும் மேலே விடவில்லை. மேகம் முதல் வளைவு வரை இறங்கியிருந்தது. அதற்கு மேல் மலை இருக்கிறது என்பதை ஏற்கெனவே தெரிந்தவர்களால்தான் நம்ப முடியும். தண்ணீர் ரோட்டில் செம்மண்ணாக ஓடி வந்தது. நனைந்தபடி ஒரு கூட்டம் நின்றது. ஒவ்வொருவரும் மேலே பார்த்தார்கள்.

இடத்தைப் பார்த்துவிட்டு நடந்தே இறங்கி வந்த ஒரு ஜீப் டிரைவரைப் பிடித்தேன்.

"கயிறு கட்டி ரெண்டு பேரு பாதி தூரம் எறங்குனாங்கய்யா. அதுக்கு மேல முடியல. மண்ணு வருது."

"யாராச்சும் சத்தம் குடுத்தாங்களா?"

"இல்ல."

"ஒருத்தர்கூடவா?"

"கூப்பிட்டுப் பாத்தோம்யா. சத்தமே இல்ல. ஜீப்பு மட்டும் சக்கரம் மேல தெரியுது. நசுங்கிக் கெடக்கு. அதுல இருந்து ஆரும் மிஞ்ச முடியாதுய்யா."

ரோட்டோரத்திலும் சரிவிலும் கிடந்த பொருட்களைக் கொண்டுவந்து செக்போஸ்ட் மேசையில் வைத்திருந்தார்கள். ஒற்றைச் செருப்பு, ஆண்களுடையது. தூக்குவாளியின் மூடி. ஒரு குடையின் கைப்பிடி. ஒரு மஞ்சள் துணிப்பை. குறிப்புப் புத்தகத்தில் இவற்றை வரிசையாக எழுதினேன். பையை எழுதும்போது நிறுத்தினேன். என் மனைவியும் மஞ்சள் பையில்தான் துணி கொண்டுவருவாள். அது எங்கள் வீட்டுப் பை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டுப் பைதான் என்றும் சொல்ல முடியவில்லை. அந்த மாதிரிப் பை எல்லா வீட்டிலும் இருந்தது. உள்ளே என்ன என்று பார்க்கலாமா என்று போலீஸ்காரரைக் கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க, கொட்டிப் போச்சு" என்றார்.

திரும்பி வர ஒரு பஸ் கிடைத்தது. கடைக்குள் நான் நுழைந்ததும் கணக்கப்பிள்ளை எழுந்து நின்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் எனக்காக எழுந்து நின்றது கிடையாது. பெஞ்ச் காலியாக இருந்தது.

"அண்ணே, மொதல்ல ஒக்காருங்க."

"கால் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொன்னாக?"

அவர் தரையைப் பார்த்தார். "ஏறியாச்சுன்னுட்டாகண்ணே."

சுவர் ஓரமாக அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். ஏலக்காய் வாசனை மூக்கில் குத்தியது. கணக்கப்பிள்ளை ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "அந்த ராசிங்காபுரத்து அக்காவுக்கு மொதல்ல வந்துச்சுண்ணே. அவரு ஏறலையாம். அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் போனாக. அந்தச் சந்தோசத்துலயே ஒங்க காலையும் எடுத்தேன்…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குப் பாதிதான் கேட்டது. ஒரு பெண் பிழைத்தாள் என்ற சேதியில் எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. அதையும் சேர்த்து எழுதுவதுதான் சரி.

அப்போது மணி அடித்தது. மதுரை.

உதவி ஆசிரியரின் குரல். "என்னப்பா, போடி? ஜீப்புன்னு கேள்விப்பட்டோம். சொல்லு, எழுதிக்கிறேன்."

சொன்னேன். வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். போடிமெட்டு மலைப்பாதையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ஜீப், தொடர் மழையால் பாதையின் ஓரம் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. மீட்புப் பணி தடைபட்டிருக்கிறது. ஜீப்பில் இருந்தவர்கள் யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என அஞ்சப்படுகிறது. 'அஞ்சப்படுகிறது' என்ற சொல்லை அதற்கு முன் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போது அஞ்சியதில்லை.

"பேரு எதுனா கெடச்சுதா?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஹலோ? ஏறுனவங்க பேரு ஒண்ணாச்சும் கெடச்சுதா?"

"ஒரு ஆசிரியை ஏறினதா…"

"ஏறினதாவா? யாரு பாத்தது? உறுதியாத் தெரிஞ்சாக் குடு. ஒருத்தர் சொன்னாரு, அவரு கேட்டாருங்கிறது வேணாம். வீட்டுல படிப்பாங்கப்பா."

அவருக்குத் தெரியாது. ரிசீவரை வைத்தேன். யார் பார்த்தது என்ற கேள்வி மட்டும் தங்கிவிட்டது. அது எங்கள் தொழிலில் முதல் நாளே கற்றுத் தருகிற கேள்வி. கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, என் கால்ல அந்த ஆளு சொன்னத, ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லு."

"அதான் சொன்னேனேண்ணே, ஏறியாச்சுன்னு…"

"நீ என்ன கேட்ட?"

"எப்பவும் கேக்குறதுதான். நம்ம ஆளு ஏறியாச்சான்னேன்."

"அவரு?"

கண்ணை மூடி யோசித்தார். "ஒரே இரைச்சல்ணே. 'ஏறியாச்சு ஏறியாச்சு, சண்டை போட்டு முன்னாடி ஒக்காந்தாச்சு. போன் வந்தாச் சொல்லச் சொன்னாப்ல'. அவ்வளவுதான். லைன் போயிருச்சு."

"தமிழ்லயா சொன்னாரு?"

"தமிழ்தான். நம்மூர்த் தமிழ்."

"அந்த அக்காவுக்கு வந்த காலு?"

"அது மலையாளம். 'இல்லா, கேறியிட்டில்லா, இவிடெத்தன்னெ உண்டு'ன்னு. ஏறலை, இங்கயேதான் இருக்குன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் கம்பவுண்டருக்குத் தமிழ் பேச வராது. வாரா வாரம் அவரோடு பேசியவர் இவர்தான். ஆனால் அன்று முதலில் மணி அடித்தபோது பெஞ்சில் ஒரு பெண் அழுதபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பதிந்தவள். நான் அங்கே இல்லை. இரைச்சலில் குரல் தெரியவில்லை; மலையாளம் கேட்டபோதும் டீக்கடையில் வேறு யாரோ எடுத்ததாக நினைத்துக்கொண்டார். முதலில் போட்டது முதலில் வரும் என்றே அவர் எடுத்தார், "நம்ம ஆளு" என்றே கேட்டார். மேலே இருந்தவரும் தனக்குத் தெரிந்த நம்ம ஆளைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னார்.

நான் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். "பூப்பாறை ரெண்டு கால்ல எதை மொதல்ல குடுத்தீங்கம்மா?"

"அர்ஜென்டைத்தான் சார் மொதல்ல போட்டேன். மருந்துக்கடை. அப்புறம் டீக்கடை. ஏன் சார்?"

"இன்னொரு தடவை மருந்துக்கடை கெடைக்குமா?"

"மலை லைன் எல்லாம் போயிருச்சு சார்."

என் மனைவி ஏறவில்லை. மலைமேல் எங்கோ பத்திரமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷம் உடம்பில் எழுந்தது எனக்குத் தெரிந்தது. எழுந்த வேகத்திலேயே டீக்கடைக்காரர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. சண்டை போட்டு முன்னாடி உட்கார்ந்தாச்சு. வாந்தி வந்துருமாம் என்று சொல்லிச் சிரித்த முகம்.

கணக்கப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் போக மாட்டேண்ணே. அந்தக்கா என் கையப் புடிச்சு, நீ நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு. எப்படிண்ணே போவேன்?"

"நீ இல்லாம நான் மட்டும் போனா அவுக எப்படி நம்புவாக?"

"நாளைக்குத் தானாத் தெரிஞ்சிரும்ல. பாடி எடுத்தாத் தெரியும்ல."

நாளைக் காலையில் பத்திரிகை வரும். அதற்குள் யாராவது ஒருவர் முந்தலிலிருந்து அவள் தெருவுக்குப் போய்க் கத்துவார். எந்த வழியில் தெரிந்தாலும் அவளுக்கு அது இரண்டாவது சேதியாகத்தான் இருக்கும். இதைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ராசிங்காபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

எனக்கு அன்று நாள் முழுவதும் இருந்த பயம் வேறு, பஸ்ஸில் இருந்த பயம் வேறு. முதலாவது, ஒரு சேதி வந்துவிடுமோ என்பது. இப்போது அந்தச் சேதியை நானே கையில் வைத்திருந்தேன். நான் இறங்காமல் இருந்தால் அது அவளை அடையாது. பஸ் அடுத்த ஊருக்குப் போகும். அப்படியும் ஒரு எண்ணம் வந்தது.

வீடு கேட்டுப் போனோம். சின்ன ஓட்டு வீடு, முன்னால் சாணம் மெழுகிய வாசல் மழையில் கரைந்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. ஈர விறகுப் புகை. அவள் எங்களைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, வாங்க தம்பி. என்ன இம்புட்டு தூரம், மழைல?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். தன் வீட்டுக்கு ஆறுதல் தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "ஒக்காருங்கண்ணே. ஒங்க வீட்டுல… சேதி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"என்னண்ணே?"

"ஏறலை. அங்கயேதான் இருக்கா."

"ஆத்தா மாரி!" கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் உடனே நீர் வந்தது. "நான் பஸ்சுல வர்றப்ப நெனச்சுக்கிட்டே வந்தேண்ணே. எனக்கு நல்ல சேதி குடுத்தவ அந்த அண்ணனுக்கும் குடுக்கணுமேன்னு. நம்ம ரெண்டு பேரும் பொழச்சோம். சாப்பிட்டுத்தான் போகணும், கொழம்பு கொதிச்சிருச்சு." கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். "என்ன தம்பி, வாய் மூடாத ஆளு பேசாம நிக்கிற?"

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் பார்வை அவரிடமிருந்து என்னிடம் வந்தது. மறுபடி அவரிடம் போனது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்க காலு எப்பண்ணே வந்துச்சு?"

ஆயிரம் பேரை ஆயிரம் கேள்வி கேட்டவன் நான். அத்தனை நேரான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"மொதல்ல வந்ததும்மா."

"மொதல்ல வந்தது என்னுதுல்ல?"

அடுப்பில் விறகு வெடித்தது. நான் தலையை இல்லை என்று அசைத்தேனா, அசைக்கவில்லையா, தெரியாது.

"ரெண்டாவது வந்தது என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள். கணக்கப்பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"முன்னாடி ஒக்காந்தாச்சுன்னு…" என்றார் அவர்.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் குழம்புச் சட்டியைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்தாள். எரிகிற விறகை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்தாள். புகை எழுந்து எங்கள் மூவருக்கும் நடுவே நின்றது. கொடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அது ஆம்பிளைத் துண்டு.

"போவோம்" என்றாள்.

எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, முந்தல் இருக்கும் திசையில் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.